கீழவீதிக் குடும்பம்: தோபா போகலாமா?

கார்த்திக்: அம்மா, ஆகஸ்ட் 13 முதல் 16 வரை இங்கே ஜப்பானில் ஓபோன். நீங்கள் வந்திருக்கும்போது மியே மாகாணத்துத் தோபா கடற்கரைக்குப் போகலாமா? இன்றைக்கே அறை போட வேண்டும்.

அம்மா: போகலாம்பா

அத்தை: ஓபோன்னா?

கார்த்திக்: முன்னோர்கள் வீடு தேடி வருகிற நாள்கள் அத்தை. அந்தச் சமயத்தில் கடலில் இறங்கினால் ஆவி காலைப் பிடித்து இழுக்கும் என்று ஆபீஸில் ஒரு பெரியவர் சொன்னார்.

அம்மா: அப்போ வேண்டாம்

பெரியப்பா: நாம் ஆடி அமாவாசைக்கு வேதாரண்யம் போய் முழுகுகிறோம். அவர்கள் கரையேறிவிடுகிறார்களா!

கார்த்திக்: இன்னும் கேளுங்கள் பெரியப்பா. கடலில் செத்தவர்கள் ஃபுனாயூரெய் என்ற படகுப் பேய் ஆகிப் படகை மறித்து அகப்பை கேட்பார்களாம். கொடுத்தால் அதிலேயே கடல்நீரை மொண்டு ஊற்றிப் படகை மூழ்கடித்துவிடுவார்கள். அதனால் அடியில்லாத அகப்பை ஒன்றைக் கையோடு கொண்டுபோவார்களாம்.

பாலு சித்தப்பா: கடன் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்க நம் வீட்டுக்கும் ஒன்று

பெரியப்பா: யாரைச் சொல்கிறாய்?

பாலு சித்தப்பா: பொதுவாச் சொன்னேன் அண்ணா

அம்மா: ஆரம்பிச்சாச்சா

கார்த்திக்: உமிபோஸு என்று ஒன்று. கரிய மொட்டைத் தலை கடலிலிருந்து எழும்பும். மாதக் கடைசியில் படகு எடுக்கக்கூடாது என்பதை மீறிப் போன தொகுஸோ என்ற மாலுமியிடம், 'நான் பயங்கரமாக இருக்கிறேனா?' என்று கேட்டதாம். 'பிழைப்பு நடத்துவதைவிடப் பயங்கரம் எதுவும் இல்லை' என்றாராம். அவ்வளவுதான், உமிபோஸுவைக் காணோம்.

பாலு சித்தப்பா: தொகுஸோவை இந்தக் குரூப்பில் சேருங்கப்பா

அத்தை: அந்த ஊர்ப் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்குவார்களே, அவர்களுக்குப் பயமில்லையா?

கார்த்திக்: அமா பெண்கள். தோபா, ஷிமா பக்கம்தான். மேகமூட்டமான நாளில் கடலடியில் தன்னைப்போலவே ஒருத்தி நின்று சிப்பியை நீட்டுவாளாம். அவள் பெயர் தொமொகஸுகி. நம்பிப் போனால் திரும்ப முடியாது. அதற்குத்தான் தலைத்துணியில் நட்சத்திரம் தைப்பார்கள். கையெடுக்காமல் வரைந்தால் கோடு தொடங்கின இடத்துக்கே வரும், அதுபோல முங்கினவளும் வர வேண்டும் என்று. பக்கத்தில் குறுக்கே ஐந்து, நெடுக்கே நான்கு கோடு.

அத்தை: சிக்குக் கோலம் மாதிரி! அண்ணி, எனக்கு அந்தத் துணி ஒன்று

அம்மா: வரும்போது பெட்டியில் இடம் இருந்தால் பார்க்கலாம். போகும்போதே வடகம், பருப்புப்பொடி, ரேவதி கொடுத்த மோர்மிளகாய்

ரேவதி: மோர்மிளகாய் நான் கொடுக்கலையே பெரியம்மா

அப்பா: ஆகஸ்ட் நடுவில் அங்கே ஜெல்லிமீன் பெருகும். எங்கோ தொலைவில் புயல் என்றாலும் அலை அந்தக் கரைக்கு வந்து இழுக்கும். காலைப் பிடிப்பது அதுதான். அது கிடக்கட்டும், சாப்பாடு?

கார்த்திக்: அமா குடிசையில் சிப்பி, இறால் சுட்டுத் தருவார்கள்

அம்மா: சிவ சிவா

கார்த்திக்: உங்களுக்குப் புளிசாதம் கட்டிக்கொள்ளலாம்மா. அறை போடவா வேண்டாமா?

அம்மா: அப்பாவைக் கேள்

அப்பா: அம்மா சொன்னால் சரி

பெரியப்பா: பஞ்சாங்கம் பார்த்துச் சொல்கிறேன். பொறு.

கார்த்திக்: ரத்து செய்தால் பணம் திரும்பி வருகிற அறையாகப் போட்டுவிட்டேன்

ரேவதி: மோர்மிளகாய் யார் கொடுத்தது?