108 ஆம்புலன்ஸில் ஆறு வருடம் ஆச்சு, பேரிடர் மேலாண்மைப் பக்கம் போக வழி இருக்கிறதா?

ஏற்காட்டு இஎம்டி:

எனக்கு 29 வயது. பி.எஸ்சி விலங்கியல் முடித்துவிட்டு 108-ல் இஎம்டியாக, அதாவது வண்டியில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் அவசர மருத்துவ டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். முதல் மூன்று வருடம் சேலம் டவுன், அப்புறம் ஏற்காடு. வேலை பிடிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் போன வருடம் ஒரு ராத்திரி மலைப்பாதையில் டூரிஸ்ட் வேன் ஒன்று கவிழ்ந்தது, அது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

நல்ல பனிமூட்டம். நானும் பைலட் அண்ணாவும்தான் (108-ல் டிரைவரை அப்படித்தான் சொல்வோம்) முதலில் போய்ச் சேர்ந்தோம். வேனில் 14 பேர். கீழேயிருந்து இன்னும் இரண்டு வண்டி வந்தது, ஆனால் வேடிக்கை பார்க்க நிறுத்திய கார்களால் கொண்டை ஊசி வளைவில் மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் நின்றுவிட்டது. கத்தியவர்களைத்தான் முதலில் ஏற்றினோம், ஏனென்றால் சுற்றி நின்ற ஜனங்கள் அவர்களைத்தான் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். தடுப்புச் சுவரில் சாய்ந்து சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா கடைசி வண்டியில் போனார். அவருக்கு வயிற்றுக்குள் ரத்தக்கசிவு. பிழைத்துவிட்டார், அது எங்கள் புண்ணியம். மூன்று வண்டியும் ஒரே ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றதும் அன்றைக்கு நடந்த இன்னொரு தப்பு.

அன்றைக்குக் குறையாக இருந்தது மருந்தோ ஆக்சிஜனோ அல்ல. யார் எதைப் பார்ப்பது, எந்த வண்டி எங்கே போவது என்று சொல்ல ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்த ஆளாக ஆவதற்கு என்ன படிக்க வேண்டும், எங்கே சேர வேண்டும்? வீட்டில் அம்மா, மனைவி, இரண்டு வயதுப் பெண் குழந்தை இருக்கிறார்கள், அதனால் சம்பளமில்லாமல் ஒரு வருடம் உட்கார்ந்து படிக்க என்னால் முடியாது. ஸ்ட்ரெச்சர் தூக்கித் தூக்கி முதுகும் போய்க்கொண்டிருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தாலுகா ஆபீஸ்காரன்:

தம்பி, நான் வருவாய்த்துறையில் இருந்து ரிட்டையர் ஆனவன். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள். அமெரிக்கா மாதிரி நாடுகளில் பாராமெடிக்காக இருந்தவர் படிப்படியாக ஊரின் எமர்ஜென்சி மேனேஜர் ஆவது பழகிய பாதை. நம் ஊரில் அந்த ஏணி கிடையாது. 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர். அவருக்குக் கீழே கலெக்டர் ஆபீசில் பேரிடர் மேலாண்மைக்கென்று ஒரு தாசில்தார், 1077 கட்டுப்பாட்டு அறை, தாலுகாவில் தாசில்தார், கிராமத்தில் விஏஓ. அதாவது நீ கேட்கிற அந்த நாற்காலி பெரும்பாலும் வருவாய்த்துறையில்தான் இருக்கிறது, அதற்கு வாசல் டிஎன்பிஎஸ்சி.

குரூப் 4 எழுதி விஏஓ ஆனால்கூட வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் உன் கிராமத்தில் எந்த ஓடை உடைக்கும், எந்த வீடு சரியும், யாரை எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்க வைப்பது, யாரிடம் ஜேசிபியும் மர அறுவை மெஷினும் இருக்கிறது என்று பட்டியல் போடுகிறவன் நீதான். பேரிடர் மேலாண்மையில் முக்கால்வாசி இந்தப் பட்டியல்தான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தினார்களே, அந்த மாதிரி நாளில் வேலை செய்வது முன்கூட்டி எழுதி வைத்த போன் நம்பர்கள்தான். குரூப் 1-ல் தீயணைப்புத் துறை மாவட்ட அலுவலர் பதவியும் வரும், வயது வரம்பை மட்டும் அறிவிப்பில் பார்த்துக்கொள். என்டிஆர்எஃப் என்கிற தேசியப் பேரிடர் மீட்புப் படையில் நேரடியாகச் சேரலாம் என்று யாராவது கோச்சிங் சென்டரில் சொன்னால் பணம் கட்டாதே. அரக்கோணத்தில் இருக்கிற 4-வது பட்டாலியன் உட்பட எல்லாமே சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற படைகளிலிருந்து டெபுடேஷனில், அதாவது தற்காலிக மாற்றுப் பணியில் வருகிறவர்களால் ஆனது.

கேஷுவாலிட்டி சிஸ்டர்:

தம்பி, நீங்கள் அந்த அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கத்திலும் இதேதான். கத்துகிறவருக்கு மூச்சு நன்றாகப் போகிறது என்று அர்த்தம், சத்தமில்லாதவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கிற ஸ்டார்ட் ட்ரையாஜ் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: நடக்க முடிகிறவர்களையெல்லாம் ஓரிடத்துக்கு நடக்கச் சொல்லி பச்சை. மிச்சம் இருப்பவர்களில் மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல் இருந்தால், நகத்தை அழுத்திவிட்டால் ரத்தம் திரும்ப 2 விநாடிக்கு மேல் ஆனால், சொன்னதைச் செய்ய முடியாவிட்டால், சிவப்பு, அதாவது அவர்தான் முதலில். ஆளுக்கு அரை நிமிடம் போதும். ஆனால் முதலில் வந்த இஎம்டி சிகிச்சையில் இறங்காமல் இந்த நிற அட்டையை மட்டும் கட்டிக்கொண்டு போக மனசு கல்லாக வேண்டும், அதுவும் சொந்தக்காரர்கள் சட்டையைப் பிடித்து இழுக்கும்போது. அதைப் பழகுவதுதான் மேலாண்மைக்கு முதல் படி என்று நான் நினைக்கிறேன்.

படிப்புக்கு வருகிறேன். நான் வேலையில் இருந்துகொண்டே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பேரிடர் மேலாண்மை முதுநிலை டிப்ளமோ படித்தேன். ஏதாவது ஒரு டிகிரி போதும், உங்கள் விலங்கியல் செல்லும். ஜனவரி, ஜூலை என்று இரண்டு சேர்க்கை, ஜூன், டிசம்பரில் தேர்வு. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு அசைன்மென்ட் எழுதினேன், ஒரு வருடத்தில் முடிக்க முடியவில்லை, இழுத்துக்கொண்டே போய் முடித்தேன். அதனால் பெரிய பதவி கிடைத்துவிடவில்லை, ஆனால் ஆஸ்பத்திரியின் பேரிடர் திட்டத்தைத் திருத்தி எழுதும் கமிட்டியில் என்னை உட்கார வைத்தார்கள். என்ஏபிஹெச் என்கிற மருத்துவமனைத் தர அங்கீகாரம் வாங்குகிற ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு திட்டமும் ஒத்திகையும் கட்டாயம், அதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்த ஆள் குறைவு. கையில் காசும் இரண்டு வருடமும் இருந்தால் மும்பை டிஸ்ஸில் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்) எம்ஏ இருக்கிறது, நல்ல படிப்பு, ஆனால் இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு உங்களைப் போகச் சொல்ல மாட்டேன்.

மேட்டூர் சேஃப்டி:

நான் மேட்டூர்ப் பக்கம் ஒரு கெமிக்கல் ஆலையில் சேஃப்டியில் இருக்கிறேன். இந்த வழியை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். அபாயகரமான ரசாயனம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வைத்திருக்கிற ஆலைகள் உள்ளுக்குள் அவசரகாலத் திட்டம் வைத்திருக்க வேண்டும், சுற்றுவட்டாரத்துக்கான திட்டம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. 1996-இல் வந்த ரசாயன விபத்து விதிகளின்படி கலெக்டர் தலைமையில் மாவட்ட அளவில் ஒரு குழுவும் உண்டு. ஒத்திகை நடக்கும்போது தீயணைப்பு, போலீஸ், ஆம்புலன்ஸ் எல்லோரும் வருவார்கள்.

ஒரு தடவை குளோரின் கசிவு ஒத்திகையில் ஆம்புலன்ஸ் ஆட்கள் வண்டியை நேரே கேட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குளோரின் காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் போய்த் தேங்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விண்ட்சாக்கை (காற்றின் திசை காட்டும் துணிக்குழாய்) பார்த்துவிட்டு, காற்று வருகிற பக்கத்திலிருந்து, மேட்டிலிருந்து வர வேண்டும். நிஜமாக இருந்திருந்தால் காப்பாற்ற வந்தவர்கள்தான் முதலில் விழுந்திருப்பார்கள். ஆலை, ஆம்புலன்ஸ் இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் ஒருவர் எங்களுக்குக் கிடைத்தால் தங்கம்.

ஆனால் ஒரு சிக்கல். சேஃப்டி ஆபீசர் பதவிக்கும் அதற்கான தொழிற்பாதுகாப்பு டிப்ளமோவுக்கும் பொறியியல், இல்லாவிட்டால் இயற்பியல் அல்லது வேதியியல் டிகிரி கேட்பார்கள். விலங்கியலை வைத்துக்கொண்டு கண்ட கண்ட இன்ஸ்டிட்யூட்டில் சேஃப்டி கோர்ஸ் என்று பணத்தைக் கொட்டிவிடாதீர்கள். தொழிற்சாலையின் மருத்துவ மையம், எமர்ஜென்சி டீம் வழியாக உள்ளே வந்தால், திட்டம் எழுதும் வேலை தானாக உங்கள் கைக்கு வரும். இங்கே எழுதத் தெரிந்தவனுக்குத்தான் பஞ்சம்.

ஏற்காட்டு இஎம்டி:

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, குரூப் 4 எழுதினால் 108 அனுபவம் மொத்தமும் வீண்தானே? ஆறு வருடத்துக்கு ஒரு மார்க்கூடக் கிடைக்காது, புதிதாகக் காலேஜ் முடித்த பையனோடு உட்கார்ந்து எழுத வேண்டும். அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தாலுகா ஆபீஸ்காரன்:

மார்க் கிடைக்காது, உண்மை. உள்ளே போனபிறகுதான் அதன் அருமை தெரியும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் சிஸ்டம் என்று வழிகாட்டி போட்டது. இன்சிடென்ட் கமாண்டர் ஒருவர், அவருக்குக் கீழே களப்பணி, திட்டமிடல், பொருள் உதவி என்று மூன்று பிரிவு. வண்டிகள் எல்லாம் சம்பவ இடத்துக்கு முண்டியடிக்காமல் முதலில் ஓரிடத்தில் வந்து நின்று, கூப்பிடும்போது மட்டும் மேலே போக வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அன்றைக்கு அடிவாரத்தில் ஒருவர் நின்று கார்களை நிறுத்தி, உங்கள் வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டிருந்தால் அந்த இருபது நிமிடம் மிச்சம். இதைப் படித்த ஆபீசர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், பனியில் அந்த வளைவில் நின்றவர்கள் எத்தனை பேர்? அந்த வழிகாட்டி இலவசம், இந்த வாரமே இறக்கிப் படி.

20 வளைவு பைலட்:

நான் 108-ல் வண்டி ஓட்டுகிறவன், படிப்பு அவ்வளவாக இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். 2024 ஏப்ரல் 30-ஆம் தேதி ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பஸ் கவிழ்ந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி இன்னொன்று நடந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு கோர்ஸ் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவில் எதில் இரண்டு ஆம்புலன்ஸ் ஒதுங்க முடியும், எங்கே செல்போன் டவர் விட்டுப்போகும், காட்டெருமை எந்த நேரத்தில் எங்கே ரோட்டுக்கு வரும், இன்னொரு பாதையான குப்பனூர் வழியில் வண்டியை எப்போது விடலாம், எந்தக் கிராமத்துக்கு வண்டி போகாமல் ஆளைத் தூக்கித்தான் வர வேண்டும், கோடை விழா சமயத்தில் எத்தனை மணிக்கு மேல் அண்ணா பூங்கா ரோடு அடைக்கும், இதெல்லாம் உங்களுக்கும் எனக்கும் மண்டையில்தான் இருக்கிறது, ஒரு பேப்பரிலும் இல்லை. நாளைக்கு நாம் இரண்டு பேரும் டிரான்ஸ்ஃபரில் போய்விட்டால் அதுவும் நம்மோடு போய்விடும் சார். எழுதுங்கள். படம் நான் போட்டுத் தருகிறேன்.

ஏற்காட்டு இஎம்டி:

அண்ணா, ராத்திரி டியூட்டியில் உட்கார்ந்து முதல் வளைவிலிருந்து ஏழாவது வரைக்கும் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். நான்கு பக்கம் வந்துவிட்டது, எனக்கே ஆச்சரியம். இதில் எத்தனை இடத்தில் வண்டி திரும்பும் என்று எனக்குத் தெரியவில்லை, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஜூலைச் சேர்க்கையில் இக்னோ டிப்ளமோ போடுகிறேன், குரூப் 4 அறிவிப்பு வந்தால் அதையும் எழுதுகிறேன், அதுவரை 108-ஐ விடவில்லை. சிஸ்டர், உங்கள் பழைய அசைன்மென்ட் இருந்தால் எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று மட்டும் பார்க்கலாமா?

கேஷுவாலிட்டி சிஸ்டர்:

தாராளமாக. என் கையெழுத்துதான் கொஞ்சம் மோசம். அப்படியே அந்த நோட்டு முடிந்ததும் எனக்கு ஒரு பிரதி கொடுங்கள், மலையிலிருந்து வண்டி கிளம்பி எங்கள் வாசலுக்கு வர எத்தனை நிமிடம் ஆகும் என்று எங்கள் திட்டத்தில் எவரும் எழுதி வைக்கவில்லை.