பழைய ஆம்ப்ளிஃபயருக்குக் கண்டன்சர் மாற்ற 7,500 ரூபாய் நியாயமா?

வால்யூம்_நாப்:
வணக்கம். 70களின் கடைசியில் வந்த ஜப்பானிய ஸ்டீரியோ ஆம்ப், சேனலுக்கு 45 வாட். இரண்டு ஸ்பீக்கரிலும் ஹம் (‘ம்ம்ம்’ என்ற இரைச்சல்) வருகிறது. வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தாலும் அப்படியே இருக்கிறது. இடது பக்கம் பாஸ் மெலிவு. உள்ளே 10,000 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் ஃபில்டர் (பவர் சப்ளையைச் சீராக்கும் பெரிய கண்டன்சர்) இரண்டு, சின்ன எலக்ட்ரோலிடிக் கண்டன்சர் 36. எல்லாவற்றையும் மாற்ற, உதிரி உட்பட 7,500 கேட்கிறார் மெக்கானிக். எனக்குச் சால்டரிங் ஓரளவு வரும். கொடுக்கலாமா, நானே செய்யலாமா?

ஈஎஸ்ஆர்_மீட்டர்:
இரண்டு கோளாறும் வேறு வேறு. வால்யூமுக்கு அசையாத ஹம், அதுவும் இரண்டு பக்கமும் என்றால் முதல் சந்தேகம் அந்த இரண்டு ஃபில்டர் மேல்தான். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் பிரிட்ஜ் (ஏசியை டிசி ஆக்கும் டயோடுகள்) தாண்டி வருவது 100 ஹெர்ட்ஸ் ஹம். 50 ஹெர்ட்ஸாகக் கேட்டால் கண்டன்சரை விட்டுவிட்டு கிரவுண்டையும் ஷீல்டு வயரையும் பாருங்கள்.

பாஸ் மெலிவுக்கு, பவர் ஆம்ப் போர்டில் ஃபீட்பேக்கிலிருந்து (அவுட்புட்டில் ஒரு பங்கை உள்ளே திருப்பும் பாதை) ரெசிஸ்டர் வழியாக கிரவுண்டுக்குப் போகும் எலக்ட்ரோலிடிக்கைக் கழற்றி அளக்கவும். பெரும்பாலும் 47 அல்லது 100 மைக்ரோஃபாரட். 1 கிலோ ஓம்முடன் இருக்கும் 47, காய்ந்து 2க்கு இறங்கினால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரியத் தொடங்கும். அடுத்து இன்புட் கப்ளிங், அதாவது சிக்னல் உள்ளே வரும் வழியில் நிற்கும் கண்டன்சர்.

செலவு, தோராயமாக: நல்ல கம்பெனி 10,000/63 வோல்ட் ஒன்று 500–700. சின்னவை 105 டிகிரி சூடு தாங்கும் ரகம், சராசரி 15–20. கப்ளிங்கில் 2.2 மைக்ரோஃபாரட்டும் அதற்குக் கீழும் இருந்தால் ஃபிலிம் (பிளாஸ்டிக் படலக் கண்டன்சர்) போடலாம், ஒன்று 25–30. மொத்த உதிரி 2,000 சொச்சம், கூரியர் தனி. மீதி 5,000 கூலி. 38 கண்டன்சர் கழற்றி மாட்டி, பயாஸும் (பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு கரண்ட்) செட் பண்ணித் தருவதென்றால் ஒரு முழு நாள் வேலை. அநியாயம் என்று சொல்ல மாட்டேன்.

ரிச்சி_தெரு_ரவுண்டு:
கூலி சரிதான் சார், ஆனா என்ன கம்பெனி கண்டன்சர்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. நிச்சிகான், பானாசோனிக், ரூபிகான்னு மேல இருக்கிற பிளாஸ்டிக் ஸ்லீவ் மட்டும் மாத்தி வர்ற சரக்கு நிறைய. பெரிய குப்பிக்குள்ள சின்ன கண்டன்சரை வச்சு மூடினதும் உண்டு. கையில எடுத்தாலே கனம் இருக்காது. ஃபில்டர் ரெண்டையும் மட்டும் எலிமென்ட்14 மாதிரி நேரடி டீலர்கிட்ட வாங்கிக் கொடுத்துடுங்க. கழட்டின பழசைத் திருப்பித் தரச் சொல்லுங்க.

இன்னொண்ணு: புதுசுல கால் 10 மி.மீ. இடைவெளி ஸ்னாப்-இன்னா (போர்டுல அழுத்திச் செருகுற ரகம்) வரும். பழசு கிளாம்ப்ல நிக்கிற குப்பி. வாங்குறதுக்கு முன்னாடி விட்டம் அளந்துக்கோங்க.

சீரிஸ்_பல்பு:
நீங்களே செய்வதென்றால் முதலில் பிளக்கைப் பிடுங்கி, 1 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை ஒவ்வொரு ஃபில்டர் மேலும் ஒரு நிமிடம் வைத்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ண வேண்டாம்.

ஒன்றைக் கழற்றினால் அதே இடத்தில் புதியதை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சில பழைய போர்டில் பிளஸ், சிலவற்றில் மைனஸ் பக்கம் குறி இருக்கும். அச்சை நம்பாமல் பழைய கண்டன்சர் நின்ற திசையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் பிரவுன் பசை தெரிந்தால் முழுவதும் சுரண்டுங்கள். வயதானால் அது கரண்ட் கடத்தும், பக்கத்து ரெசிஸ்டர் காலையும் அரிக்கும். கண்டன்சர் மாற்றியும் கரகரப்பு போகவில்லை என்று புலம்புவோர் பலருக்குக் காரணம் இந்தப் பசைதான்.

முதல் பவர், ஆம்ப்புக்குப் போகும் கரண்ட் வயரில் 60 வாட் குண்டு பல்பு சீரிஸில், ஸ்பீக்கர் இல்லாமல். பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது; எரிந்தபடியே நின்றால் ஷார்ட், உடனே அணையுங்கள். ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பயாஸ் வைக்கும்போது பல்பை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அளவு தப்பாக வரும். அவுட்புட் டிரான்சிஸ்டரின் எமிட்டர் ரெசிஸ்டர் 0.47 ஓம் என்றால் அதன் மேல் 10 மில்லிவோல்ட் சுமார் 21 மில்லிஆம்பியர். உங்கள் மாடலுக்கு சர்வீஸ் மேனுவல் சொல்வதே கணக்கு.

வால்யூம்_நாப்:
நன்றி. முதலில் ஃபில்டர் இரண்டும் ஃபீட்பேக் கண்டன்சரும் மட்டும் மாற்றிப் பார்க்கிறேன். 10,000க்குப் பதில் 22,000 போட்டால் பாஸ் கூடுமா?

ஈஎஸ்ஆர்_மீட்டர்:
கூடாது. ஸ்விட்ச் போடும் கணத்தில் இழுக்கும் கரண்ட்தான் கூடும்; பிரிட்ஜும் ஸ்விட்ச் கான்டாக்ட்டும் அடி வாங்கும், ஃபியூஸ் போகும். 12,000 வரை பயமில்லை. வோல்ட்டை 63 ஆக்குங்கள், அது போதும். ஃபீட்பேக் கண்டன்சரை இரண்டு சேனலிலும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் வேண்டாம்.