மழைக்கு முன் தெருவே சேர்ந்து கொல்லைப்புறங்களைச் சுத்தம் செய்ய: ஆலோசனை தேவை

கேள்வி (நங்கநல்லூர், சென்னை)

வணக்கம். எங்கள் தெருவில் பெரும்பாலும் தனி வீடுகள். அநேகமாக எல்லா வீட்டுக் கொல்லையிலும் ஒரு தென்னையோ மாமரமோ உண்டு. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து தோட்டங்களையும் தெருவோரத்தையும் சுத்தம் செய்வதென்று குடியிருப்போர் நலச் சங்கத்தில் முடிவெடுத்திருக்கிறோம். ஆட்கள் வந்துவிடுவார்கள். ஆனால் ஒரே நாளில் குவியும் மட்டை, சருகு, உடைந்த ஓடு, பழைய சாமான்களை யாரிடம் ஒப்படைப்பது? முதியவர்கள் தனியாக வசிக்கும் வீடுகளும் சில உள்ளன. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி (மேற்கு மாம்பலம்)

தேதியைக் குறிப்பதற்கு முன் வண்டியை உறுதி செய்துகொள்ளுங்கள். சங்கத்தின் பெயரில் மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் கடிதம் கொடுத்து, அந்த ஞாயிற்றுக்கிழமை குப்பை வண்டி வருமா என்று நேரில் கேட்டுவிடுவது நல்லது. வராதென்றால் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாம். மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணிலும் கோரிக்கையைப் பதிவு செய்யலாம். சருகு மூட்டைக்குள் செங்கல், ஓடு எதுவும் கலக்கக் கூடாது; இடிபாடுகளை எடுத்துச் செல்லும் ஏற்பாடு வேறு. இரும்பு, பிளாஸ்டிக் சாமான்களைக் காயலான் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். வண்டி வரும்வரை எதையும் மழைநீர் வடிகாலின் வாயருகே குவிக்காதீர்கள். இரவில் ஒரு மழை பெய்தால் அத்தனையும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். சருகைக் கொளுத்துவது வேண்டவே வேண்டாம்.

மறுமொழி (அடையாறு)

தரையைப் பெருக்குவதைவிடத் தண்ணீர் தேங்கும் இடங்களைத் தேடுவதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள் என்பேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. கொட்டாங்குச்சி, பழைய டயர், பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு ஆகியவற்றில் நிற்கும் தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. அந்த முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் கரும்புள்ளிகளாக ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து, அடுத்த மழை பட்டதும் பொரிக்கும். ஆகவே கவிழ்த்து வைப்பதோடு நில்லாமல், தேங்காய் நாரால் உட்புறத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதுமாதலால், மழைக்காலம் முழுவதும் வாரம் ஒருமுறை இதை ஒவ்வொரு வீட்டிலும் செய்தாக வேண்டும்.

மறுமொழி (வேளச்சேரி)

சருகை வெளியே அனுப்பவே தேவையில்லை. கொல்லையின் ஓரத்தில் குழி வெட்டிச் சருகும் சமையலறைக் கழிவும் அடுக்கடுக்காகப் போட்டு, சாணக் கரைசலோ புளித்த மோரோ தெளித்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சில மாதங்களில் எருவாகிவிடும். தென்னை மட்டை மக்க நாளாகுமாதலால் அதை மட்டும் வண்டியில் ஏற்றுங்கள்.

மழைநீர் சேகரிப்புக் குழியையும் அன்றே பார்த்துவிடுங்கள். 2003இல் கட்டாயமாக்கப்பட்டபோது அமைத்த குழிகள் பல வீடுகளில் மண்மூடிக் கிடக்கின்றன. மேலே படிந்த வண்டலை அகற்றி, மணலையும் ஜல்லியையும் அலசிப் போட்டாலே நீர் இறங்கத் தொடங்கும். வடிகாலுக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ எவரையும் இறக்காதீர்கள். அது உயிருக்கு ஆபத்து; கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவது சட்டப்படி குற்றமும்கூட.

முதியவர்களின் வீட்டுக்கு முந்தைய வாரமே தெரிந்தவர் ஒருவர் போய், எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று அவர்களிடமே கேட்டு வரட்டும். நமக்குக் குப்பையாகத் தெரிவது அவர்களுக்கு அப்படி இல்லாமல் இருக்கலாம்.

கேட்டவர் (நங்கநல்லூர்)

மிக்க நன்றி. நாளையே வார்டு அலுவலகத்துக்குப் போகிறோம். இன்னும் ஒன்று: ஒரு வீட்டு மாமரக் கிளை மின்கம்பியை உரசுகிறது. அதையும் அன்றே வெட்டிவிடலாமா?

மறுமொழி (மேற்கு மாம்பலம்)

நீங்கள் தொடாதீர்கள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லுங்கள். அவர்கள் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வெட்டுவார்கள். விழுந்த கிளைகளை அப்புறப்படுத்துவது உங்கள் பொறுப்பாகலாம் என்பதால், சுத்தம் செய்யும் நாளுக்கு முன்பே அதை முடித்துவிட்டால் ஒரே வண்டியில் போய்விடும்.