அக்கி மற்றவர்களுக்கு ஒட்டுமா? தடுப்பூசியை யார் போட்டுக்கொள்ள வேண்டும்?

கேள்வி

என் தாயாருக்கு வயது 68. சென்ற வாரம் இடப்பக்க விலாவில் தீப்பட்டது போல எரிகிறது என்றார். தசைப்பிடிப்பு என்று எண்ணி வலி நீக்கும் களிம்பைத் தடவிவிட்டேன். மூன்றாம் நாள் முதுகுத்தண்டை ஒட்டித் தொடங்கி மார்புக்குக் கீழ்வரை ஒரு பட்டை போலக் கொப்புளங்கள் எழுந்தன. வலப்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. மருத்துவர் பார்த்தவுடனே அக்கி என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் பத்து மாதக் குழந்தை இருக்கிறது. இரவில் பாட்டியின் பக்கத்தில்தான் தூங்கும். என் தம்பி மனைவி நான்கு மாதக் கர்ப்பிணி. தமக்குச் சின்னம்மை வந்ததாக அவருக்கு நினைவில்லை. இவர்களுக்கு அக்கி தொற்றிக்கொள்ளுமா? எனக்கு வயது 51. சிறுவயதில் சின்னம்மை வந்திருக்கிறது. நான் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டுமா?

மறுமொழி 1

தோல்நோய்ப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். ஒருவருடைய அக்கி மற்றவருக்கு அக்கியாகத் தொற்றுவதில்லை. சின்னம்மையை உண்டாக்கும் வேரிசெல்லா சோஸ்டர் வைரஸ், அம்மை இறங்கிய பிறகும் உடலை விட்டு நீங்காமல், தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கிறது; முதுமையாலோ நோயாலோ மருந்துகளாலோ எதிர்ப்பாற்றல் தளரும்போது விழித்தெழுந்து, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. உங்கள் தாயாருக்கு ஒரு பக்கம் மட்டும் பட்டையாக வந்ததற்கும், கொப்புளத்திற்கு முன்பே எரிச்சல் தொடங்கியதற்கும் அதுதான் காரணம்.

ஆனால் அந்தக் கொப்புள நீரில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. சின்னம்மையும் வராத, அதற்கான தடுப்பூசியும் போடாத ஒருவர் அதைத் தொட நேர்ந்தால் அவருக்குச் சின்னம்மை வரலாம். கொப்புளங்கள் எல்லாம் உலர்ந்து பொருக்குத் தட்டும்வரை இந்த அபாயம் உண்டு. வழக்கமாக அதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். அதுவரை குழந்தையை வேறு இடத்தில் படுக்க வையுங்கள். கொப்புளங்களைத் தூய துணியால் மூடி வைப்பதும், மருந்து தடவிய கையைச் சோப்பால் கழுவுவதும், துண்டையும் படுக்கை விரிப்பையும் தனியாக வைப்பதும் போதுமானவை. மூடியிருக்கும் அக்கி சின்னம்மையைவிட மிகக் குறைவாகவே பரவும் என்பதால், தாயாரைத் தனியறையில் அடைத்து அவர் மனத்தை வருத்த வேண்டியதில்லை. கொப்புளங்கள் உடல் முழுவதும் பரவிவிட்டால் மட்டும் நிலைமை வேறு. அப்போது காற்றின் வழியாகவும் தொற்றக்கூடும்.

உங்கள் தம்பி மனைவி இன்றே தம் மகப்பேறு மருத்துவரிடம் இதைச் சொல்லட்டும். சின்னம்மைக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்பதை இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். அது இல்லாமல் தொடர்பு ஏற்பட்டிருந்தாலும், காலம் தாழ்த்தாமல் சென்றால் தடுப்புச் சிகிச்சைக்கு வழி உண்டு.

மறுமொழி 2

என் தந்தைக்கு அக்கி நெற்றியில் வந்தது. பூச்சிக்கடி என்று நினைத்து நாங்கள் ஐந்து நாட்களை வீணாக்கிவிட்டோம். அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் போன்ற மாத்திரைகளைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன் அதிகம் என்பது பிறகுதான் தெரிந்தது. புண் மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. வலி ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக நீடித்தது. தலையணை உறை நெற்றியில் உரசினாலும் துடித்து எழுந்து உட்காருவார்; பல இரவுகள் நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கினார். வலி தொடர்ந்தால் உங்கள் தாயாரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், நரம்பு வலிக்கெனத் தனி மருந்துகள் இருக்கின்றன. இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன்: கண்ணைச் சுற்றியோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பார்வையே போகக்கூடும்.

மறுமொழி 3

தடுப்பூசி பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்களுக்குச் சின்னம்மை வந்திருப்பதால் வைரஸ் உங்கள் உடலிலேயே இருக்கிறது. தாயாரிடமிருந்து நீங்கள் புதிதாகப் பெற ஒன்றுமில்லை. 50 வயதைக் கடந்தவர்களுக்கு இத்தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது. எதிர்ப்பாற்றல் குன்றிய இளையோருக்கும் மருத்துவர்கள் அறிவுறுத்துவதுண்டு.

2006இல் வந்த முதல் தடுப்பூசியில் வலுக்குறைந்த உயிருள்ள வைரஸ் இருந்தது; அது 60 வயதைக் கடந்தவர்களிடம் ஏறத்தாழப் பாதியளவே அக்கியைத் தடுத்தது. 2017இல் ஒப்புதல் பெற்ற ஷிங்ரிக்ஸ் என்ற தடுப்பூசியில் வைரஸின் ஒரு புரதம் மட்டுமே உள்ளதால், அதனால் அம்மையோ அக்கியோ வர வாய்ப்பே இல்லை. ஆய்வுகளில் அது 90 விழுக்காட்டுக்கும் மேல் பாதுகாப்பளித்தது. 70 வயதைக் கடந்தவர்களிடமும் அந்த அளவு பெரிதாகக் குறையவில்லை. இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணைகள் போட வேண்டும். எனக்கு இரண்டாம் தவணைக்குப் பிறகு ஒன்றரை நாள் காய்ச்சலும், தோளைத் தூக்க முடியாத வலியும் இருந்தன. பிறகு தாமாகவே அடங்கிவிட்டன. மறுநாள் முக்கியமான வேலை இல்லாத நாளாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இது அக்கிக்கான தடுப்பூசியே தவிர, சின்னம்மைக்கானது அன்று. ஆகவே தம்பி மனைவிக்கு இது தீர்வாகாது. சின்னம்மைத் தடுப்பூசியைக் கர்ப்ப காலத்தில் போடக் கூடாது என்பதால், தேவைப்பட்டால் அதை மகப்பேற்றுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குழந்தையின் தொட்டிலை எங்கள் அறைக்கு மாற்றிவிட்டோம். தம்பி மனைவிக்கு இரத்தப் பரிசோதனையும் எடுத்தாயிற்று. தாயாருக்கு ஒருமுறை அக்கி வந்துவிட்டதால் இனி அவருக்குத் தடுப்பூசி தேவையில்லையா? இரண்டாம் தவணை ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

மறுமொழி 3

அக்கி மீண்டும் வரக்கூடியது. ஆகவே அவருக்கும் தடுப்பூசி தேவை; கொப்புளங்கள் முற்றிலும் ஆறிய பிறகு எப்போது போடலாம் என்பதை அவருடைய மருத்துவர் சொல்வார். இரண்டாம் தவணை தள்ளிப்போனாலும் முதல் தவணை வீணாவதில்லை. விடுபட்டதை மட்டும் இயன்ற விரைவில் போட்டுக்கொண்டால் போதும்.