பாவசங்கீர்த்தனம்: மாமியாருக்கு என்ன பதில் சொல்வது?

நான் கத்தோலிக்கன், மனைவி வீட்டார் சீர்திருத்த சபை. அடுத்த மாதம் மகளுக்குப் புதுநன்மை (முதல் நற்கருணை). அதற்கு முன் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது, என்றதும், "கடவுளிடம் நேரே சொன்னால் போதாதா மாப்பிள்ளை, நடுவில் சாமியார் எதற்கு?" என்று மூன்று வாரமாக மாமியார் கேட்கிறார்.

பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தை இயேசு சீடர்களுக்குத் தரும் யோவான் 20:23 காட்டினேன். அது அப்போஸ்தலருக்கு மட்டும் என்றார். பாவங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16 எடுத்தேன், 'ஒருவருக்கொருவர்' என்ற சொல்லில் விரலை வைத்து, "இதில் குரு எங்கே?" என்றார். சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரே தனியாகப் பாவ அறிக்கை செய்வதை விடவில்லை, லூத்தரன் சபையின் விசுவாச அறிக்கையான 1530 ஆக்ஸ்பர்க் அறிக்கையிலும் அது இருக்கிறது என்றேன். "நாங்கள் லூத்தரன் இல்லையே!" அப்புறம், ஆண்டுக்கு ஒருமுறை பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்ற 1215 லாத்தரன் சங்க (கத்தோலிக்க ஆயர்கள் கூடிய பொதுச்சங்கம்) விதியைச் சொன்னது என் தப்புதான். "அதற்கு முன்?" என்று பிடித்துக்கொண்டார்.

முதல் மூன்று நூற்றாண்டுகளில் குருவிடம் பாவ அறிக்கை செய்ததற்கு எந்தத் திருச்சபைத் தந்தையின் (ஆதிக் கிறிஸ்தவ ஆசிரியரின்) எழுத்தைக் காட்டலாம்?