மறு: செப்போவியமா, கீறச்சா?

ஐயா,

செப்புத் தகட்டில் உளியால் செதுக்கி, மை பூசித் தாளில் ஒற்றி எடுக்கும் படத்தை (ஆங்கிலத்தில் engraving) தமிழில் செப்போவியம் என்பதா, கீறச்சு என்பதா என்று கேட்டிருந்தீர்கள். செப்போவியம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒத்துவராது. 17ஆம் நூற்றாண்டில் ஆன்ட்வெர்ப் (இன்றைய பெல்ஜியத்தில் உள்ள நகரம்) ஓவியர்கள் செப்புத் தகட்டின் மேலேயே எண்ணெய் வண்ணத்தில் புனிதர் படங்களைத் தீட்டி விற்றார்கள். அந்தப் பெயர் நியாயமாக அவற்றுக்குத்தான் போகவேண்டும். செப்பேடு என்றாலோ கேட்கவே வேண்டாம், எல்லோரும் சோழர் காலத்துக்குப் போய்விடுவார்கள்.

நாம் பேசும் படங்களில் கடல் தாண்டிப் போனது தகடு இல்லை, அதில் ஒற்றி எடுத்த தாள். அதனால் சொல்லில் அச்சு இருந்தே ஆகவேண்டும். சரி, வெறும் அச்சுப்படம் போதுமே என்று கேட்டிருந்தீர்கள். போதாது. 1593இல் ஆன்ட்வெர்ப்பில் வந்த, இயேசு சபைத் துறவி நடாலின் நற்செய்திப் படநூலையே பாருங்கள்: 153 படங்கள், வியரிக்ஸ் சகோதரர்கள் முதலானோர் செம்பில் செதுக்கியவை, படத்தில் ஆள், வீடு, மலை என்று ஆங்காங்கே ஏ, பி, சி போட்டு, கீழே ஒவ்வொரு எழுத்துக்கும் விளக்கம். இயேசு சபையார் இதைச் சீனாவுக்குக் கொண்டுபோக, 1637இல் அச்சபையைச் சேர்ந்த அலேனி அங்கே ஃபுஜியன் மாகாணத்தில் இதே படங்களைத் தழுவி ஒரு நூல் வெளியிட்டார், ஆனால் அது மரக்கட்டையில் வெட்டியது. காட்சி ஒன்றுதான், தொழில்நுட்பம் நேர் எதிர்: மரத்தில் மேடான கோடு மை தாங்கும், செம்பில் பள்ளத்துக்குள் மையைத் தேய்த்து, மேல்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத் தாளை வைத்து உருளைக்கிடையே அழுத்தவேண்டும். இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் படம் எப்படிப் பரவியது என்ற கதையே குழம்பிவிடும்.

கீறச்சு? அழகான சொல்தான், ஆனால் ஊசியால் கீறி எடுக்கும் முறை தனியாக இருக்கிறது, அதற்கு வைத்துக்கொள்ளலாம். இங்கே உளி செம்பைச் சுருள் சுருளாகத் தோண்டி எடுக்கிறது. வளைகோடு வேண்டுமென்றால் கையைத் திருப்பாமல் தகட்டைத் திருப்புவார்கள். இது செதுக்கல்தான். ஆகவே என் பரிந்துரை செதுக்கச்சு, மரத்துக்கு மரவெட்டச்சு. அமிலத்தால் அரிக்கவிடும் முறைக்கு அரிப்பச்சு என்றால் சிரிப்பார்கள், அமில அச்சு போதும்.

இன்னொரு வசதியும் உண்டு. படங்களின் அடியில் இன்வெனிட், ஸ்கல்ப்சிட், எக்ஸ்குடிட் என்று லத்தீனில் பொடி எழுத்தில் இருக்கும். வரைந்தவர், செதுக்கியவர், வெளியிட்டவர் என்று மூன்றையும் அப்படியே தமிழில் எழுதிவிடலாம். ஓவியர் ரூபன்ஸ் வரைந்தார், போல்ஸ்வெர்ட் செதுக்கினார் என்று படப் பட்டியலில் போட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. கீறச்சு என்று வைத்தால் போல்ஸ்வெர்ட் கீறியவர் ஆகிவிடுவார், பாவம்.