ரீஸ்டோர் செய்த கில்லெட் ஸ்லிம்: ஒரு பக்கம் வழுக்குது, மறுபக்கம் வெட்டுது. என்ன கோளாறு?

சத்துவாச்சாரிக்காரன்

வணக்கம். பழைய கில்லெட் ஸ்லிம் அட்ஜஸ்டபிள் ரேஸர் (டயல் வைத்துக் கூட்டிக் குறைக்கிற சவரக் கருவி) ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். முழுசாகப் பிரித்து, பஃபிங் போட்டு, புதிதாக நிக்கல் பூசியது என்று சொல்லித்தான் விற்றார்கள். தலைக்கு அடியில் ஜே-3 என்று பொறித்திருக்கிறது. பார்க்கப் புத்தம்புதுசு மாதிரி மின்னுகிறது.

ஆனால் ஒரு பக்கம் வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது, திருப்பி மறுபக்கம் வைத்தால் சுரண்டுகிறது. தாடைக்குக் கீழே 2 இடத்தில் வெட்டியும் விட்டது. டயல் 5-இல் இருக்கிறது. பிளேடு 7 ஓ கிளாக் பிராண்ட். 3 புது பிளேடு மாற்றியும் அதே கதைதான். தலையைத் திறந்து மூடுகிற அடித்திருகைச் சுற்றும்போது கடைசி அரைச் சுற்றில் மணல் அரைபடுகிற மாதிரி நரநரக்கிறது. இது போதாதென்று நுரை முகத்தில் ஒரு நிமிஷம்கூட நிற்பதில்லை, சப்பென்று காய்ந்துவிடுகிறது. வீட்டில் போர் தண்ணீர்.

திருப்பி அனுப்ப இன்னும் 5 நாள் இருக்கிறது. அனுப்பிவிடலாமா, நாமே சரி செய்துவிடலாமா?

குடியாத்தம் தம்பி

அண்ணா, உள்ள உப்பு புடிச்சிருக்கும். ராத்திரி முழுக்க வினிகர்ல ஊறப் போடுங்க. இல்லன்னா புளி போட்டுத் தேய்ங்க, குத்துவிளக்கு மாதிரி ஆயிடும்.

காட்பாடி பழைய ரேஸர்

தம்பி, அது ரெண்டும் வேண்டாம். குத்துவிளக்கு வெறும் பித்தளை, புளி அதற்குச் சரி. இது பித்தளை மேல் மெல்லிய நிக்கல் பூச்சு. ராத்திரி முழுக்க அமிலத்தில் கிடந்தால் நிக்கல் மங்கும். பூச்சு விட்ட இடத்தில் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து, செம்பு நிறத்தில் திட்டுத்திட்டாக வரும். அதை மறுபடி பழைய நிறத்துக்குக் கொண்டுவருவது கஷ்டம். பாத்திரம் துலக்கும் பொடியும் கூடாது, கீறல் விழும்.

சத்துவாச்சாரி சார், முதலில் குறை பிளேடிலா ரேஸரிலா என்று பிரித்துப் பாருங்கள். பிளேடை மேலிருந்து மூடுகிற ரெண்டு கதவில் ஒன்றின் மேல் மார்க்கர் பேனாவால் சின்னப் புள்ளி வையுங்கள். எந்தப் பக்கம் வெட்டுகிறது என்று பார்த்துக்கொண்டு, அதே பிளேடை எடுத்து இடவலமாக மாற்றிப் போடுங்கள். வெட்டுகிற பக்கமும் கூடவே மாறினால் குறை பிளேடில். புள்ளி வைத்த பக்கமே மறுபடி வெட்டினால் குறை ரேஸரில். 3 பிளேடு மாற்றிவிட்டீர்கள் என்பதால் எனக்கு ரேஸர் மேல்தான் சந்தேகம். இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து இடைவெளி. ஸ்லிம்மில் எண் கூடக் கூட பிளேடு விளிம்புக்கும் அதற்குக் கீழே தோலில் படுகிற சேஃப்டி பாருக்கும் நடுவில் உள்ள இடைவெளி கூடும், அவ்வளவுதான் டயலின் வேலை. அந்த இடைவெளி ரெண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். தூக்கிப் போடப்போகிற பழைய பிளேடு ஒன்றைப் போட்டு, டயலை 5-இல் வைத்து, திருகை இறுக்கி, கண் மட்டத்தில் ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடியுங்கள். இடைவெளி ஒரு வெளிச்சக் கோடாகத் தெரியும். ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலிந்திருந்தால் பிளேடு கோணலாக உட்கார்ந்திருக்கிறது. கோடு நேராக இருந்து ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தால் விஷயம் வேறு.

அளந்து பார்க்க ஜெராக்ஸ் பேப்பர் போதும். 80 ஜிஎஸ்எம் தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். ஒரு பிளேடின் தடிமனும் அதுவே. அரை அங்குல அகலத்தில் துண்டுகள் நறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, வெளிப்பக்கமிருந்து மெதுவாக நுழையுங்கள். எத்தனை தாள் இறுக்கமில்லாமல் போகிறது என்று ரெண்டு பக்கமும் எண்ணுங்கள். விரல் பத்திரம்.

இது தெரியாமல் குறடு எடுத்து பாரை வளைக்கப் போகாதீர்கள். நல்ல ரேஸர் பாதி அப்படித்தான் வீணாகிறது. ஜே-3 என்றால் 1964-ஆம் வருஷத்து மூன்றாம் காலாண்டு. கில்லெட் அந்த வரிசையில் 1955-க்கு ஏ, 1956-க்கு பி என்று எழுத்து வைத்தது. ஸ்லிம் வந்தது 1961-இல், அதனால் ஜே சரியாகப் பொருந்துகிறது.

ராணிப்பேட்டை பிளேட்டிங்

பிளேட்டிங் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு சொல்கிறேன். இந்த மாதிரி வேலைக்கு நிக்கல் 10 முதல் 15 மைக்ரான் வரை ஏற்றுவார்கள். மேலே குரோம் கொடுத்தால் அது அரை மைக்ரான்கூட வராது. ஆக, பூச்சு எவ்வளவு தாராளமாக இருந்தாலும் ஒரு முகத்தில் 0.02 மில்லிக்குள்தான். உங்கள் பேப்பர் கணக்கில் ஒரு தாளில் ஐந்தில் ஒரு பங்கு. ரெண்டு பக்கத்துக்கும் ஒரு தாளுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பூச்சைக் குற்றம் சொல்லாதீர்கள்.

பூச்சு தகராறு செய்கிற இடம் ஒன்று உண்டு. தொட்டியில் கூர்மையான ஓரத்துக்கும் நுனிக்கும் கரண்ட் அதிகம் போகும், அங்கே நிக்கல் தடிக்கும். குழியான இடத்தில் மெலியும். கதவின் கீல், கதவு வந்து மூடுகிற ஓரம், திருகின் மரை, இங்கெல்லாம் தடித்தால் கதவு முழுசாக மூடாது, திருகு கடைசியில் பிடிக்கும்.

ஆனால் நரநரப்பு என்கிறீர்களே, அது எனக்கு பஃபிங் சோப்பு மாதிரி படுகிறது. பஃபிங் சக்கரத்தில் தடவுகிற மெழுகுக் கட்டி. வெள்ளை, பச்சை, காவி நிறங்களில் வரும். மெழுகுக்குள் அரைக்கிற பொடி கலந்திருக்கும். சூட்டில் இளகி மூலைமுடுக்கில் புகுந்து, ஆறினதும் கல்லாகிவிடும். பூச்சுக்குப் பிறகு கடைசி மினுக்கு கொடுத்துவிட்டுச் சரியாகக் கழுவாமல் விட்டால் இப்படித்தான் தங்கும். பிளேடு உட்காருகிற தட்டின் உள்மூலையைக் குண்டூசி நுனியால் இல்லாமல் பல்குத்தும் குச்சியால் வருடிப் பாருங்கள்.

இன்னொன்று. யாரும் பழைய ரேஸரை புல்லட் சைலன்சருக்கு குரோம் போடுகிற கடையில் கொடுக்காதீர்கள். அங்கே முதலில் பெரிய சக்கரத்தில் வைத்து இழைப்பார்கள். கைப்பிடியில் உள்ள கட்டம், பொறித்த எழுத்து, பாரின் விளிம்பு எல்லாம் மழுங்கிவிடும். ரீஸ்டோர் செய்த ரேஸர் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மினுமினுப்பை இல்லை, எழுத்து கூர்மையாக இருக்கிறதா என்பதைத்தான்.

சத்துவாச்சாரிக்காரன்

ரெண்டு பேருக்கும் நன்றி. பிளேடை மாற்றிப் போட்டும் புள்ளி வைத்த பக்கமே வெட்டுகிறது. பேப்பர் அந்தப் பக்கம் 9, மறுபக்கம் 7. வெளிச்சக் கோடு ரெண்டும் நேராகத்தான் இருக்கிறது. உள்மூலை இருட்டாக இருக்கிறது, சரியாகத் தெரியவில்லை.

காட்பாடி பழைய ரேஸர்

9-க்கு 7 என்றால் 0.2 மில்லி. ரெண்டு பிளேடு தடிமன். தோலுக்கு நன்றாகவே தெரியும். கோடு நேராக இருப்பதால் பார் வளைந்திருக்க வாய்ப்பு குறைவு. கீழே விழுந்த ரேஸர் என்றால் பெரும்பாலும் ஒரு மூலைதான் நெளியும், முழு நீளத்துக்கும் ஒரே அளவாக விலகாது. பிளேடுக்கு அடியில் ஏதோ முட்டுக் கொடுத்து ஒரு பக்கத்தைத் தூக்கி வைத்திருக்கிறது.

இப்படிச் செய்யுங்கள். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஒரு டம்ளர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் அரை டீஸ்பூன். பிளேடை எடுத்துவிட்டு, கதவைத் திறந்து, தலைகீழாக 20 நிமிஷம் வையுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம். பிறகு மெத்தென்ற பழைய பல்துலக்கியால் தட்டின் மூலை, கீல், நடுத்தண்டு எல்லாம் தேய்த்து, திருகை முழுசாகத் திறந்து மூடி 10 தடவை சுற்றுங்கள். டயலையும் 1-இலிருந்து 9 வரை கொண்டுபோய்க் கொண்டுவாருங்கள். தண்ணீர் கலங்கினால் மாற்றி மறுபடி ஊற வையுங்கள். மெழுகு ஒரே தடவையில் வராது.

சோப்பு வேலைக்குப் பிறகும் வெள்ளைப் படிவு இருந்தால்தான் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்). மளிகைக் கடையில் கிடைக்கும். 200 மில்லி தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன், 10 நிமிஷம், கையில் கடிகாரத்தோடு. உடனே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். தங்க முலாம் ரேஸருக்கு இதுவும் கூடாது. பூச்சு உரிந்த இடத்தில் மஞ்சள் தெரியாமல் சாம்பல் நிறம் தெரிகிற துத்தநாகக் கலவை ரேஸருக்கும் கூடாது, குழி விழும்.

காய்ந்ததும் எண்ணெய். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளாக நாளாகப் பிசுக்கேறி திருகு மறுபடி பிடித்துக்கொள்ளும். ஐடா ஸ்கடர் ரோட்டில் எந்த மெடிக்கலில் கேட்டாலும் லிக்விட் பாரஃபின் கொடுப்பார்கள். தலைப்பக்கம் நடுத்தண்டில் ஒரு சொட்டு, அடித்திருகு ஓரத்தில் ஒரு சொட்டு. தையல் மெஷின் எண்ணெயும் ஆகும்.

ஏற்கெனவே யாரோ பயன்படுத்தியது என்பதால் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஸ்பிரிட்டில் 10 நிமிஷம் முக்கி எடுப்பதும் அவசியம். அதை எண்ணெய் விடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். பிளீச்சிங் கலந்த தண்ணீர் நிக்கலைத் தின்னும்.

சோப்பும் தண்ணீரும் போட்டதால் ரேஸருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எதையும் வளைத்துவிட்டால் அவர்கள் வாங்க மாட்டார்கள். அதனால் 5 நாளுக்குள் இதை மட்டும் செய்து பாருங்கள்.

ஆரணி சவரம்

நுரை சமாச்சாரத்த யாரும் சொல்லலியே. போர் தண்ணியில சுண்ணாம்பு சத்து ஜாஸ்தி. சோப்பப் போட்டா நுரையா மாறதுக்கு முன்னாடி அந்தச் சுண்ணாம்போட சேந்துகினு திப்பித்திப்பியா பிரிஞ்சிடும். நீங்க எவ்ளோ சோப்பு போட்டாலும் பாதி அதுக்கே போவுது. குளிக்கற பக்கெட்டு ஓரத்துல வழவழன்னு ஒட்டிகினு இருக்குமே, அதே கசடுதான் ரேஸர் உள்ளயும் போயி உக்காருது.

பிரஷ் நனைக்க, நுரை அடிக்க மட்டும் கேன் தண்ணி எடுத்துக்குங்க. இல்ல, காவிரி கூட்டுக் குடிநீர் வர்ற வீடுன்னா அது. மொத்தமே 3 ஸ்பூன் தண்ணிதான் செலவு. பிரஷ்ஷ 2 நிமிஷம் ஊற வெச்சி, ஒரு தடவ உதறி, சோப்பு மேல 30 எண்ற வரைக்கும் சுத்துங்க. முகத்துல போயி அடிக்கும்போது சொட்டுச் சொட்டா தண்ணி சேருங்க. தயிர் கடஞ்சா மேல பளபளன்னு நிக்குமே, அந்தப் பதம். முட்டை முட்டையா குமிழி தெரிஞ்சா தண்ணி இன்னும் வேணும்னு இல்ல, இன்னும் அடிக்கணும்னு அர்த்தம். சித்திரை வைகாசி வெயில்ல ஃபேனுக்கு அடியில நின்னுகினு செஞ்சா எந்த நுரையும் காஞ்சிதான் போவும், ஃபேன நிறுத்திட்டு பாதி முகத்துக்கு மட்டும் பூசுங்க.

படிகாரம் போடுற பழக்கம் இருந்தா, ரேஸரக் கழுவி தனியா வெச்ச பொறவு போடுங்க. படிகாரத் தண்ணி பட்ட கையோட ரேஸரத் தொட்டு அப்படியே விட்டா நிக்கல்ல கறை வுழும். படிகாரம் எங்க சுரீர்னு எரியுதோ அங்க நீங்க அழுத்திட்டீங்கன்னு தெரிஞ்சிக்கலாம்.

சத்துவாச்சாரிக்காரன்

பிடிபட்டுவிட்டது! இரண்டாவது தடவை ஊற வைத்தபோது, புள்ளி வைத்த பக்கத்துத் தட்டின் உள்மூலையிலிருந்து பச்சையாக ஒரு துணுக்கு வந்தது. கடுகை நசுக்கி வைத்த மாதிரி தட்டையாக, நகத்தால் அழுத்தினால் மெழுகு மாதிரி பதிகிறது. அதன் பக்கத்தில் நீளவாக்கில் இன்னும் ஒரு பச்சைக் கோடு, பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்தேன். மரையிலிருந்தும் பச்சைத் தண்ணீர் வந்தது. இப்போது பேப்பர் ரெண்டு பக்கமும் 7. நரநரப்பும் இல்லை.

கேன் தண்ணீரில் நுரையும் நின்றது. ஷேவ் பண்ணிப் பார்த்தேன், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போகிறது. கழுத்தில் மட்டும் லேசாக எரிச்சல். டயல் 1-இலும் 9-இலும் சரியாக நிற்கிறது, அதையும் பார்த்துவிட்டேன்.

ராணிப்பேட்டை பிளேட்டிங்

பச்சை என்றால் குரோமியம் ஆக்சைடு கலந்த கடைசி மினுக்கு சோப்பு. ஊகித்தது சரிதான். டயல் ரெண்டு முனையிலும் எண்ணுக்கு நேராக நிற்கிறது என்றால் பிரித்தவர் திரும்பப் பூட்டியதும் சரி. தப்பாகப் பூட்டியிருந்தால் 1 என்று காட்டும்போதே இடைவெளி அகன்று கிடக்கும். அப்படி இருந்தால் திருப்பி அனுப்பச் சொல்லியிருப்பேன். எரிச்சல் வெட்டு இல்லாத இடத்திலும் சிவந்து அரிப்பாக வந்தால் நிக்கல் ஒவ்வாமையா என்று தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த ஒவ்வாமை இருந்தால் நிக்கல் பூசிய ரேஸர் ஆகாது.

காட்பாடி பழைய ரேஸர்

மிக்க மகிழ்ச்சி சார். வைத்துக்கொள்ளுங்கள், நல்ல ரேஸர் அது.

கழுத்து எரிச்சலுக்கு டயலை 3-க்கு இறக்குங்கள். எண்ணை மாற்றுவதற்கு முன் அடித்திருகை அரைச் சுற்று தளர்த்தி, மாற்றிவிட்டு இறுக்கினால் உள்பாகங்களுக்குச் சிரமம் இல்லை. கழுத்தில் முடி பலருக்குப் பக்கவாட்டில் வளரும். விரலால் தடவி எந்தப் பக்கம் சொரசொரப்பு இல்லையோ அந்தத் திசையில் இழுங்கள். 2, 3 செ.மீ. நீளத்துக்கு மேல் ஒரே இழுப்பு வேண்டாம். கைப்பிடி தோலிலிருந்து சுமார் 30 டிகிரி. ரேஸரின் எடையே போதும், கை அழுத்தம் சேர்க்காதீர்கள்.

பிளேடு போடும்போது கதவு மூடுகிற கடைசி நேரத்தில், கூர் இல்லாத ரெண்டு குட்டை ஓரத்தையும் விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். நடுவில் உட்காரும். முடித்ததும் திருகை அரைச் சுற்று தளர்த்தி அலசி, கடைசியாகக் கேன் தண்ணீர் ஒரு ஊற்று ஊற்றி, உதறி நிறுத்தி வையுங்கள். போர் தண்ணீரிலேயே விட்டால் ரெண்டே மாதத்தில் கீலில் வெள்ளை பூக்கும்.

குடியாத்தம் தம்பி

அண்ணா, நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். இதையே தேடட்டுமா?

காட்பாடி பழைய ரேஸர்

முதல் ரேஸர் என்றால் கில்லெட் டெக் தேடுங்கள் தம்பி. 1938-இல் வந்தது. மூடி, தட்டு, கைப்பிடி என்று மூன்றே பாகம், கீலும் இல்லை டயலும் இல்லை. விற்பவரிடம் மூன்றையும் தனித்தனியாகப் படம் கேளுங்கள். மூடியின் மரைத்தண்டு நேராக நிற்க வேண்டும். தட்டின் ரெண்டு பார் விளிம்பும் பக்கவாட்டில் பார்த்தால் இணையாக இருக்க வேண்டும். கைப்பிடியில் மரை ஏறுகிற வாயில் மயிரிழை விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். பழைய பித்தளைக் குழல் கைப்பிடியில் அதுதான் முதலில் போகும். பூச்சு மங்கி இருந்தால் பரவாயில்லை, ரீஸ்டோர் செய்ததை விட அதுவே பல சமயம் நல்லது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

ஆரணி சவரம்

தேஞ்ச பிளேட குப்பையில அப்படியே போடாதீங்க. பால் பவுடர் டப்பா மூடியில ஒரு கீறல் போட்டு அதுல சேத்துகினே வாங்க. குப்ப பிரிக்கறவங்க வெறுங்கையாலதான் பிரிக்கறாங்க. டப்பா ரொம்பினா மூடிய டேப்பு சுத்தி, மேல பிளேடுன்னு பெருசா எழுதி கையில குடுங்க.